ராணி ஜெயித்த வழக்கும் அக்கரைக்குப் போன புருஷன்மாரும்

பிப்ரவரி 9 – உச்சிப்புளி வாசகர் கேட்டது

"வெள்ளைக்காரன் கோர்ட்டு வந்த பிறகுதான் நம் சேதுச் சீமைப் பெண்களுக்குச் சட்டம் என்று ஒன்று கிடைத்தது என்கிறேன். ராமநாதபுரம் ராணி பர்வதவர்த்தனி நாச்சியார் மதுரைக் கலெக்டரையே எதிர்த்து, லண்டன் பிரிவி கவுன்சில் என்ற கடைசி அப்பீல் கோர்ட்டு வரை போய் 1868-இல் ஜெயிக்கவில்லையா? அதற்கு முன் விதவைக்கு இங்கே என்ன இருந்தது? யாராவது மறுக்க முடியுமா?"

பிப்ரவரி 9, இரவு

நான் மறுக்கிறேன், பாதியை மட்டும்.

ராமநாதபுரத்தில் ஒரு வக்கீல் ஆபீசில் டைப் அடித்தே தலை நரைத்தவள் நான். சட்டம் படித்தவள் இல்லை. ஆனால் அந்த வழக்கைப் பற்றி எங்கள் சீனியர் பேசிக் கேட்டுக் கேட்டு மனப்பாடமே ஆகிவிட்டது.

ராமசாமி சேதுபதி 1830-இல் இறந்துபோனார். ஆண் வாரிசு இல்லை. ராணி 1847-இல் ஒரு பையனைத் தத்து எடுத்தார். தத்தெடுக்கலாம் என்று கணவர் எழுதிவைத்துவிட்டுப் போகவில்லை, அதனால் தத்து செல்லாது, ராணி காலத்துக்குப் பிறகு ஜமீன் சர்க்காருக்கே என்பது கலெக்டர் தரப்பு. பிரிவி கவுன்சில் என்ன சொன்னது? திராவிட தேசத்து வழக்கப்படி, கணவரின் பங்காளிகள் சம்மதித்தால் விதவை தத்தெடுக்கலாம். சாஸ்திர நூலில் எழுதியிருப்பதைவிடத் தெளிவாக நிரூபிக்கப்பட்ட வழக்கமே பெரிது. இந்த வரியை இன்றைக்கும் வக்கீல்கள் மேற்கோள் காட்டுகிறார்கள்.

இப்போது கணக்கைப் பாருங்கள். தத்து எடுத்த கணத்தில் ஜமீன் பையனுக்குப் போகிறது. தத்து எடுக்கவும் பங்காளிகள் தலையாட்ட வேண்டும். ஆக, தன் கையில் இருந்ததை இன்னாரிடம் ஒப்படைக்கலாம் என்ற உரிமையைத்தான் ராணி ஜெயித்தார். வழக்கின் பெயரில் மதுரைக் கலெக்டர் இருக்கிறார், தத்துப் பையன் முத்துராமலிங்க சேதுபதி இருக்கிறார். ராணி இல்லை.

பிப்ரவரி 10

"தத்தே எடுக்காமல் இருந்திருந்தால் ராணிக்கே முழுச் சொத்தும் இருந்திருக்குமே" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இருந்திருக்கும், உயிரோடு இருக்கும் வரை. இந்து விதவைக்கு வந்த சொத்து அப்படித்தான். அனுபவிக்கலாம். விற்பதென்றால் தக்க அவசியம் காட்ட வேண்டும். காட்டாமல் விற்றால், அவள் காலத்துக்குப் பின் கணவர் வழி வாரிசுகள் வந்து அந்தக் கிரயத்தை உடைப்பார்கள். 1956 வாரிசுரிமைச் சட்டம் வந்து, அவள் கையில் இருப்பது அவளுக்கே முழு உரிமை என்று சொல்லும் வரை இந்தக் கதைதான். வெள்ளைக்காரன் போய் ஒன்பது வருஷம் கழித்து.

பிப்ரவரி 12

வேலு நாச்சியாரை ஏன் விட்டாய் என்று மூன்று பேர் கேட்டாயிற்று. அவர் வாளோடு போனவர், நான் வக்காலத்தோடு போனவர்களைப் பற்றிப் பேசுகிறேன். இந்தக் கேள்வி-பதில் இழை நீளமானால் அவரிடமும் வருவோம்.

கிழக்கிந்தியக் கும்பெனிக்குப் பெண் ஆள்வதில் எந்தக் கூச்சமும் இருந்ததில்லை என்பதை மட்டும் இங்கே சொல்லிவிடுகிறேன். 1795-இல், அதே பெயருள்ள முந்தைய காலத்து முத்துராமலிங்க சேதுபதியைப் பதவியிலிருந்து இறக்கிக் காவலில் வைத்தார்கள். 1803-இல் நிரந்தர ஜமீன் சன்னது (உரிமைப் பத்திரம்) கொடுத்தது அவருடைய சகோதரி மங்களேஸ்வரி நாச்சியாருக்கு. பேஷ்குஷ் என்ற கப்பம் ஒழுங்காக வந்தால் ஆணென்ன, பெண்ணென்ன. ஜமீன் தங்களுக்கே வந்து சேரும் என்று தெரிந்ததும்தான் விதவைக்குத் தத்தெடுக்கும் உரிமை உண்டா என்று சாஸ்திரம் தேட ஆரம்பித்தார்கள்.

சிவகங்கை வழக்கு இன்னும் வேடிக்கை. ஜமீன்தார் கௌரி வல்லபர் 1829-இல் காலமானார். மனைவிகள் பலர், ஆண்பிள்ளை இல்லை. அண்ணன் மகன் வழிக்காரர்கள் ஒரு பக்கம். விதவை அங்கமுத்து நாச்சியார் கோர்ட்டு ஏறி, 1850-இல் வழக்கு முடியாமலே இறந்துபோனார். பிறகு மகள் கட்டம நாச்சியார் தொடர்ந்தார். 1863-இல் பிரிவி கவுன்சில், அது கௌரி வல்லபர் தானாகச் சம்பாதித்த ஜமீன், அதனால் பங்காளிக்கு முன்னால் விதவைக்கும் பிறகு மகளுக்கும்தான் என்று சொல்லிவிட்டது. வாய்தா வாங்குகிறார்கள் என்று என் சீனியரைத் திட்டிய கட்சிக்காரர்கள் எல்லாம் இதைக் கேட்க வேண்டும்.

உச்சிப்புளிக்காரரே, இது உண்மையான ஜெயம், உங்கள் கணக்கிலேயே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் முப்பது வருஷத்துக்கு மேல் வக்கீல் பீஸ் கட்ட ஒரு ஜமீனே பின்னால் இருந்தது.

பிப்ரவரி 13

ஜமீன் இல்லாத வீட்டுக்கு வருவோம்.

எங்கள் பூட்டி, அதாவது கொள்ளுப்பாட்டி, தேவிபட்டினம் பக்கம். முதல் புருஷன் தோணியில் கொழும்புக்குப் போனவர். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறார் என்று கொஞ்ச காலம் சேதி வந்ததாம், அப்புறம் சேதியும் இல்லை, காசும் இல்லை. அப்பத்தா இதைச் சொல்லும்போது பரிதாபமாகச் சொல்ல மாட்டாள். "போனான், போயிட்டான்" என்பாள், அவ்வளவுதான். ஊர் கூடிப் பேசி, பூட்டி முதல் தாலியை அறுத்துவிட்டு இன்னொருவரைக் கட்டிக்கொண்டாள். அறுத்துக் கட்டுவது என்பார்கள். எங்கள் பக்கம் அதில் அதிசயம் எதுவும் இல்லை. இரண்டாம் தாலியில் பிறந்த வம்சம்தான் நாங்கள் அத்தனை பேரும்.

முதல் புருஷன் பங்குக்கு ஒரு பனை விடலி (பனந்தோப்பு) இருந்தது. பூட்டிதான் அதைப் பார்த்துவந்தாள். அறுத்துக் கட்டிய அன்றோடு அது அவர் தம்பிமாருக்குப் போய்விட்டது. அப்பத்தாவுக்கு அந்தக் கோபம் மட்டும் கடைசி வரை தீரவில்லை. கருப்பட்டி காய்ச்சும் வாசம் வந்தால் போதும், அந்த விடலியில் எத்தனை மரம் ஆண் பனை, எத்தனை பெண் பனை என்று ஆரம்பித்துவிடுவாள்.

இப்போது சட்டம். 1856 விதவை மறுமணச் சட்டம் என்றதும் பள்ளிக்கூடப் புத்தகத்தில் வித்யாசாகர் படம் போடுகிறார்கள். அதன் இரண்டாம் பிரிவை யாரும் படிப்பதில்லை. மறுமணம் செய்த விதவைக்கு முதல் கணவன் சொத்தில் இருந்த உரிமை, அவள் செத்துப்போனால் எப்படியோ அப்படி முடிந்துவிடும் என்றது அது. மறுமணமே கூடாது என்றிருந்த சாதிகளுக்கு அந்தச் சட்டம் கதவைத் திறந்தது. ஏற்கெனவே அறுத்துக் கட்டிக்கொண்டிருந்த சாதிகளுக்கு?

1877-இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு முருகாயி – வீரமாகாளி வழக்கு வந்தது. மறவர் வீட்டு வழக்கு. அந்தச் சாதியில் மறுமணம் உண்டு என்பதில் தகராறு இல்லை. ஆனாலும் முதல் கணவன் சொத்து போச்சு என்றுதான் தீர்ப்பு. விதவைக்குச் சொத்து ஏன் வருகிறது? கணவனின் உடம்பில் மிஞ்சியிருக்கும் பாதி அவள் என்பதால். இன்னொருவனைக் கட்டிக்கொண்டால் அந்தக் காரணம் நிற்காது. இதுதான் தர்க்கம்.

1868-இல் அரண்மனைக்கு, நூலைவிட வழக்கம் பெரிது. அதற்கு ஒன்பது வருஷம் கழித்துக் குடியானவச்சிக்கு, வழக்கம் கட்டிக்கொள்ள விடும், சொத்துக்கு நூலைப் பார்க்க வேண்டும். நூலில் பாதி உடம்பு என்று இருக்கிறது.

அலகாபாத் உயர் நீதிமன்றம் பின்னால் இதற்கு நேர்மாறாக, வழக்கப்படி மறுமணம் செய்கிற சாதியில் சொத்து போகாது என்று சொன்னது. பூட்டி அலகாபாத்தில் பிறந்திருக்கலாம்.

பிப்ரவரி 14

நேற்று எழுதியதைக் காலையில் இன்னொரு தரம் படித்தேன். அப்பத்தா கோபம் என் விரலில் ஏறிவிட்டது போலிருக்கிறது. தீர்ப்பே வராவிட்டாலும் பூட்டிக்கு அந்த விடலி நின்றிருக்காது. அறுத்துக் கட்டுகிறவள் முதல் புருஷன் வீட்டுச் சொத்தை விட்டுவிட்டுத்தான் வர வேண்டும் என்று ஊரும் நினைத்தது. பிள்ளையைக்கூட விட்டுவிட்டு வந்த கதைகள் உண்டு.

ஆனாலும் ஒரு வித்தியாசம். ஊர்ப் பேச்சில் பேரம் உண்டு. இரண்டு மரத்தை அவள் பாட்டுக்கு வைத்துக்கொள்ளட்டும், கன்றுக்குட்டியை ஓட்டிப் போகட்டும் என்று ஒரு பெரிய மனுஷி நடுவில் புகுந்து சொல்லலாம். தீர்ப்பில் அந்த இடைவெளி இல்லை. பங்காளிகள் ஏற்கெனவே விரும்பியது முத்திரைக் காகிதத்தில் ஏறிவிட்டது.

பிப்ரவரி 17

சிங்கப்பூர் அன்பர் கேட்கிறார், "எல்லாம் மறவர் கதையாகவே போகிறதே, கடற்கரையில் பாதி ஊர் மரக்காயர் ஊராயிற்றே?" நியாயமான கேள்வி. கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி ஆண்கள் மலாயாவுக்கும் கொழும்புக்கும் பர்மாவுக்கும் போனதில் மற்ற எல்லோருக்கும் மூத்தவர்கள்.

அதனால் ஒரு தோணியைக் கற்பனை செய்வோம். பாம்பன் பக்கத்திலிருந்து மூன்று பேர் ஒரே தோணியில் கொழும்புக்குப் போகிறார்கள். ஒருவர் இந்து, ஒருவர் முஸ்லிம், ஒருவர் கத்தோலிக்கர். மூன்று பேருமே திரும்பவில்லை. இக்கரையில் மூன்று மனைவிகள், தண்ணீர் எடுப்பது ஒரே ஊருணியில். மூன்று பேருக்கும் ஒரே சர்க்கார், ஒரே முன்சீப். சட்டம் மட்டும் மூன்று.

அந்தக் காலத்தில் இந்துப் பெண்ணுக்குச் சாஸ்திரப்படி விவாகரத்து கிடையாது. சாதி வழக்கத்தில் உண்டு என்று நிரூபித்தால் உண்டு. வழக்கமும் இல்லாதவள் ஏழு வருஷம் காத்திருக்க வேண்டும். ஏழு வருஷம் ஒருவனைப் பற்றிச் சேதியே இல்லையென்றால் அவன் இறந்துவிட்டதாகக் கொள்ளலாம் என்று 1872 சாட்சியச் சட்டம் சொன்னது. அதே ஏழு வருஷம் ஆகியிருந்தால் இரண்டாம் கல்யாணம் குற்றமாகாது என்று அன்றைய தண்டனைச் சட்டமும் விலக்குத் தந்தது. இதில் ஒரு கண்ணி இருக்கிறது. சேதியே வரக் கூடாது. ஆறாம் வருஷம் எவனாவது வந்து "கொழும்பு கொட்டாஞ்சேனையில் பார்த்தேன்" என்றால் ஆட்டம் மறுபடி முதலிலிருந்து.

முஸ்லிம் பெண்ணுக்கு 1939 வரை பாடு. நம் கடற்கரை முஸ்லிம்கள் பெரும்பாலும் ஷாபி மத்ஹப், அதாவது ஷாபி சட்ட வழியினர். செலவுக்குக் கொடுக்க வக்கில்லாத கணவனிடமிருந்து ஃபஸ்கு (திருமண ரத்து) கேட்க அதில் வழி உண்டு. ஆனால் யாரிடம் கேட்பது? இஸ்லாமியச் சட்டம் பார்த்துவந்த காஜிகளின் சர்க்கார் பதவியை 1864-இல் எடுத்துவிட்டார்கள். 1880-இல் காஜிகள் சட்டம் போட்டு மறுபடி நியமித்தார்கள், ஆனால் நீதி வழங்கும் அதிகாரம் எதையும் கொடுக்கவில்லை. தஃப்தர் (திருமணப் பதிவேடு) எழுதலாம், நிக்காஹ் செய்து வைக்கலாம், அவ்வளவுதான். 1939-இல் முஸ்லிம் திருமண ரத்துச் சட்டம் வந்தது. நாலு வருஷம் ஆள் இருக்குமிடம் தெரியவில்லையா, கேள். இரண்டு வருஷம் செலவுக்குக் கொடுக்கவில்லையா, கேள். மனைவி தானே கோர்ட்டு ஏறிக் கேட்கலாம். காணாமல் போன கேஸில் தீர்ப்புக்குப் பிறகும் ஆறு மாதம் பொறுக்க வேண்டும். அதற்குள் அவர் வந்து நின்று, ஒழுங்காகக் குடும்பம் நடத்துகிறேன் என்று கோர்ட்டை நம்ப வைத்தால் தீர்ப்பு ரத்து.

கவனித்தீர்களா, 1939-இல் இந்தத் தோணியில் போனவர்களின் மனைவிகளில் மற்ற இருவரையும்விட முஸ்லிம் பெண்ணுக்குத்தான் வழி திறந்திருந்தது. இதைச் சொன்னால் இன்றைக்குப் பலருக்கு நம்ப முடிவதில்லை.

பிப்ரவரி 20

மூன்றாவது பெண் பாக்கி. 1869 விவாகரத்துச் சட்டம், கிறிஸ்தவர்களுக்கானது. கணவனுக்கு மனைவியின் நடத்தை கெட்டது என்று நிரூபித்தால் போதும். மனைவிக்கு அது போதாது. கணவன் வேறொருத்தியோடு இருந்ததை நிரூபித்து, கூடவே கொடுமையையோ இரண்டு வருஷம் கைவிட்டதையோ சேர்த்துக் காட்ட வேண்டும்.

தங்கச்சிமடத்தில் கருவாடு காயப்போடுகிறவள், கொழும்பில் அவன் யாரோடு இருக்கிறான் என்பதற்கு எங்கிருந்து சாட்சி கொண்டுவருவாள்? கொண்டுவந்தாலும் ஜில்லா கோர்ட்டுத் தீர்ப்பை உயர் நீதிமன்றம் உறுதி செய்ய வேண்டும். அதையும் தாண்டி வந்தால் சாமியார் ஒரே வார்த்தையில், திருச்சபையில் விவாகரத்து இல்லை என்று சொல்லிவிடுவார். ஆண் பெண் வித்தியாசத்தை அந்தச் சட்டத்திலிருந்து எடுத்தது 2001-இல். ஆமாம், இரண்டாயிரத்து ஒன்று.

ஆனால் சொத்து என்று வந்தால் இதே பெண் மற்ற இருவரையும் முந்திக்கொள்கிறாள். 1865 வாரிசுரிமைச் சட்டத்தில் விதவைக்கு மூன்றில் ஒன்று, மீதியில் மகனுக்கும் மகளுக்கும் சரிபாதி. இந்து மகள் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகனுக்குச் சமமாக நிற்க, அதுவும் கல்யாணம் ஆகாதிருந்தால், தமிழ்நாட்டில் 1989 ஆயிற்று.

யார் நிலைமை மேல் என்று கேட்டு அடித்துக்கொள்ளாதீர்கள். எந்த வருஷம், எந்த விஷயம் என்று கேட்காமல் அதற்குப் பதில் கிடையாது.

பிப்ரவரி 21

"தோணிக்காரர் யார், அவர் திரும்பினாரா?" என்று கேட்டவருக்கு: தோணிக்காரர்கள் எப்போதும் திரும்பிவிடுவார்கள், கூலி வாங்க வேண்டுமே.

பிப்ரவரி 25

ஜீவனாம்சம் பற்றி இரண்டு பேர் கேட்டார்கள். அது மதம் பார்க்காத ஒரே கதவு, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இருந்தது. 1898 சட்டத்தின் 488-ஆம் பிரிவு, மாதம் 50 ரூபாய் வரை. 1923-இல் 100 ஆக்கினார்கள். அந்தக் காலத்துக்கு 50 பெரிய தொகை. ஆனால் அது உச்சவரம்புதான், கிடைத்தது எவ்வளவு என்பது வேறு. மாஜிஸ்திரேட் உத்தரவு போட்டாலும் அக்கரையில் இருப்பவனிடம் எப்படி வசூலிப்பது? சாம்ராஜ்யத்தின் மற்ற பகுதிகளில் உத்தரவை அமல்படுத்த 1921-இல் ஒரு சட்டம் போட்டார்கள். அதை வைத்து யாராவது கொழும்பிலிருந்து பணம் வாங்கிக் கொடுத்த வழக்குக் கட்டு எதுவும் எங்கள் ஆபீஸ் பரணில் என் கண்ணில் பட்டதில்லை. எங்கள் ஆபீஸ் அவ்வளவு பெரியதும் இல்லை.

1902-இல் மண்டபம் வரை ரயில் வந்தது, 1914-இல் பாம்பன் பாலம். இலங்கைத் தோட்டத்துக்குப் போகிற கூலிகளை மண்டபம் கேம்பில் இறக்கி, நோய் இருக்கிறதா என்று பார்த்து அனுப்பினார்கள். அப்படி அக்கரைக்குப் போனவர்களில் பெண்களும் ஏராளம். இலங்கை மலைநாட்டுத் தோட்டங்களில் 1929-இல் குறைந்தபட்சக் கூலி நிர்ணயித்தபோது ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43. கொழுந்து கிள்ளுவது யார் என்று உங்களுக்கே தெரியும்.

காத்திருந்தவர்களைப் பற்றியே எழுதிக்கொண்டிருக்கிறேன், போனவள்களைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை என்று இதை அடிக்கும்போது தோன்றுகிறது. அதற்கு வேறு ஆள் வேண்டும், எனக்குத் தெரிந்தது இக்கரைக் கட்டுகள்தான்.

மார்ச் 2

கீழக்கரையிலிருந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்கிறார். "எங்க ஊர்ல வீடு பொம்பளைப் பிள்ளைக்குத்தானே அக்கா, அதுக்கு எந்தச் சட்டம்?"

நல்ல கேள்வி. மாப்பிள்ளை பெண் வீட்டோடு வந்து இருப்பது, கல்யாணத்தின்போதே வீட்டை மகள் பேருக்குக் கொடுத்துவிடுவது, இதெல்லாம் கீழக்கரையில் பழைய வழக்கம். ஆண்கள் கடல் கடந்து போகிற ஊரில் பெண் தன் உம்மா வீட்டிலேயே இருப்பதுதான் புத்தி. ஷரீஅத் பங்கில் மகளுக்கு மகன் பங்கில் பாதி. 1937 ஷரீஅத் சட்டம் வந்து, இனி வழக்கம் கிடையாது, ஷரீஅத்தான் என்றது. விவசாய நிலத்தை மட்டும் அப்போது தொடவில்லை. சென்னை மாகாணம் 1949-இல் அதையும் சேர்த்தது.

அப்படியானால் மகள் வீடு என்னவாயிற்று? ஒன்றும் ஆகவில்லை. வாப்பா உயிரோடு இருக்கும்போதே ஹிபாவாக, அதாவது தானமாகக் கொடுத்துவிட்டால் அது வாரிசுப் பங்குக்குள் வராது. கொடுத்து, ஏற்று, அனுபவத்தில் விட்டால் ஹிபா செல்லும், பத்திரம்கூடக் கட்டாயம் இல்லை. ஆனாலும் எங்களிடம் வந்து தான செட்டில்மெண்ட் எழுதிப் பதிவு செய்துகொண்டுதான் போவார்கள். பின்னால் காக்காமார் (அண்ணன்மார்) மனசு மாறினால்? நான் டைப் அடித்ததிலேயே எனக்குப் பிடித்த பத்திரங்கள் இவைதான். "என் குமாரத்தியாகிய உனக்கு" என்று தொடங்கும். மற்ற சாதிப் பத்திரங்களில் பெண் பெயர் வந்தால் பெரும்பாலும் கைநாட்டு வாங்குகிற கடைசிப் பக்கத்தில், தன் பங்கை விட்டு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்கிறவளாக வரும்.

மார்ச் 9

உச்சிப்புளிக்காரர் திரும்பி வந்திருக்கிறார். "அப்போ சட்டமே வராமல் இருந்திருக்கலாம் என்கிறீர்களா?"

அப்படிச் சொல்ல மாட்டேன். சட்டத்தில் பிழைத்த பெண்களுக்கு மனு அடித்துக் கொடுத்துத்தான் நானும் பிழைத்தேன். 1930-க்குப் பிறகு பன்னிரண்டு வயசுப் பிள்ளைக்குக் கல்யாணம் பேசியபோது "குழந்தைக் கல்யாணத்தைத் தடுக்கிற சாரதா சட்டம் இருக்கு" என்று சொல்லித் தள்ளிப்போட ஒரு சாக்காவது கிடைத்தது.

என் மனக்குறை வேறு. கோர்ட்டு, வழக்கத்தை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் நிரூபி என்றது. நிரூபிக்கச் சாட்சி யார்? ஊர்ப் பெரியவர்கள், பங்காளிகள், எல்லாம் ஆண்கள். வழக்கம் பெண்ணுக்குச் சாதகமாக இருந்தால் அவர்களுக்கு ஞாபகம் வராது. இது முடிந்த கதையும் இல்லை. 1955 இந்து திருமணச் சட்டமும் வழக்கப்படியான விவாகரத்தைக் காப்பாற்றித்தான் வைத்திருக்கிறது. ஊர் கூடித் தீர்த்துவிட்டதாக எழுதிய காகிதத்தோடு எத்தனையோ பெண்கள் எங்கள் ஆபீஸ் படி ஏறியிருக்கிறார்கள். "உங்க சாதியில இந்த வழக்கம் இருக்குன்னு சாட்சி வேணும்மா" என்று அவர்களிடம் சொல்வது என் வேலை. தீர்த்துவிட்ட ஊர்க்காரர்களில் கோர்ட்டுக்கு வரச் சம்மதிக்கிறவர் அபூர்வம்.

மார்ச் 11

உச்சிப்புளிக்காரர் தனியாக ஒரு விஷயம் கேட்டு, இங்கேயே பதில் சொன்னாலும் சரி என்கிறார். அவர் வீட்டில் 1944-ஆம் வருஷத்துப் பாகப்பிரிவினைப் பத்திரம் இருக்கிறதாம். தாத்தாவின் தம்பி பிள்ளை இல்லாமல் இறந்தவர், அவருடைய மனைவி பெயர் பத்திரத்தில் எங்குமே இல்லை. அந்தப் பாட்டிக்குப் பங்கு இருந்ததா?

1937-இல் இந்துப் பெண்கள் சொத்துரிமைச் சட்டம் வந்தது. கூட்டுக் குடும்பத்தில் கணவனுக்கு இருந்த பங்கு விதவைக்கு, ஆயுள் அனுபவமாக. ஆனால் அது விவசாய நிலத்துக்குப் பொருந்தாது என்று 1941-இல் பெடரல் கோர்ட்டு சொல்லிவிட்டது. சென்னை மாகாணம் 1947-இல்தான் நிலத்துக்கும் நீட்டித்தது. ஆக, சின்னத் தாத்தா அந்தச் சட்டத்துக்கு முன்பே போயிருந்தால் பாட்டிக்குச் சாப்பாடு, துணிமணிதான். பின்னால் போயிருந்தால் வீட்டில் பங்கு உண்டு, வயலில் கிடையாது.

பத்திரத் தேதி போதாது. சின்னத் தாத்தா இறந்தது எந்த வருஷம்? பத்திரத்தில் சொத்து விவரத்தில் மச்சு வீடு, மனைக்கட்டு என்று ஏதாவது இருக்கிறதா, எல்லாம் புன்செய்தானா? அதைப் பார்த்துச் சொல்லுங்கள். பனை விடலி என்று போட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள்.